சிறியதன் கணக்கு

மின்சார நிலைய வீதியில் அந்த ஸ்கேன் நிலையம்.
படிக்கட்டுக்குக் கீழே, விளக்குமாறுகளோடு,
நான்கு டிஸ்க் பூட்டிய ஒரு கறுப்புப் பெட்டி.
ஒன்பது வருடத்து நெஞ்சுக்கூடுகள் அதற்குள்.
கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று
ஊர் ஊராய் முறிந்த மணிக்கட்டுகள்,
பிறக்குமுன்னே விரல் சூப்பிய பிள்ளைகள்.
தொண்ணூற்றெட்டு வீதம் நிரம்பிவிட்டது.

"பழசுகளை அழிக்கலாம்தானே" என்றார் முதலாளி.
சுகிர்தா என்னைப் பார்த்தாள்.
போன மாதம்தான் அவள்
பழைய நிழலொன்றைத் தேடி எடுத்து
புதிய நிழலுக்குப் பக்கத்தில் வைத்து
"இது அப்பவும் இருந்தது, வளரேல்லை" என்று
ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

ஆகவே கொழும்பிலிருந்து நான்கு புதிய டிஸ்க்,
இரவுத் தபால் ரயிலில், என் மடியில்.
பழையவை நாலு டெராபைட். இவை எட்டு.

வெள்ளி இரவு எட்டு மணிக்கு, கடை பூட்டியபின்,
முதலாவதை உருவினேன். பெட்டி அலறியது.
அலறட்டும். அதன் ஒழுங்கு அப்படி:
ஒருவர் எழும்பிப் போனால்
மிச்ச மூவரும் கூடி
போனவர் சொன்னதைக் கணக்குப் பார்த்து
வந்தவருக்கு ஒப்புவிப்பார்கள்.
இருவர் போனால், முடிந்தது.

பதினொரு மணித்தியாலம்.
காவலர் விமலசேன பிளேன்டீ கொண்டுவந்து
"மெஷினுக்குக் காய்ச்சலா?" என்றார்.

விடிந்தது. இடம் ஒரு துளியும் கூடவில்லை.
நெற்றியில் எட்டு என்று ஒட்டியிருந்தாலும்
நாலு என்றே எண்ணும் பெட்டி,
கடைசிச் சிறியது உள்ளே இருக்கும்வரை.
"நான் காசு குடுத்தது எட்டுக்கு!"
கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால்
முதலாளி கத்தியிருக்க மாட்டார்.
களைத்தவனின் கைக்குத்தான் கயிறு வரும்.

சனி இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு, இரண்டே முக்கால், அறுபத்தொரு வீதம்:
கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்டது. பதினெட்டு நிமிடம் தாங்கும்
என்று விற்றவன் சொன்னான்.
மிச்சமிருந்த ஒரே பழைய டிஸ்க்
நகம் கடிப்பதுபோல் டிக் என்றது,
பிறகு இன்னொரு டிக்.
படலைக்கு வெளியே இரண்டு மான்கள்
புதிய டிஸ்க் வந்த மட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றன.

வேறு பிரதி இல்லையா என்று கேட்பீர்கள்.
இருந்தது. போன ஆவணிவரை.
ஆவணிக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும்
இந்தப் பெட்டிக்குள் மட்டும்.
இதை நான் முதலாளிக்குச் சொல்லவில்லை.

விமலசேன ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார்.
நான் எண்ணினேன். ஏழாவது இழுவையில் பிடித்தது.
கோணேசர் மலை கூப்பிடு தூரம்தான்,
கும்பிட எனக்குத் தோன்றவே இல்லை.
அறுபத்திரண்டு.

திங்கள் இரவு, டிக் என்றவனை வெளியே எடுத்தேன்.
செவ்வாய் காலை நால்வரும் பெரியவர்கள்.
அப்போதும் இடம் கூடவில்லை!
விரி என்று ஒருவர் சொல்ல வேண்டும் அதற்கு.
சொன்னேன். ஒரு பொத்தான், அவ்வளவுதான்.
வெறுமை இரட்டித்து, பச்சையாய், திரையில்.

பழையவை நான்கும் மேசையில்.
ஒவ்வொன்றும் ஒவ்வோர் இரவில் நின்றுபோனது.
சனிக்கிழமை வந்த பிள்ளையை
வெள்ளிக்கிழமை டிஸ்க்குக்குத் தெரியாது.
ஒருமித்துப் பூட்டினாலும் இனி இவற்றிடமிருந்து
ஒரு முழு விலா எலும்பைக் கேட்டு வாங்க முடியாது.

ஏழு நாற்பது. தென்னையால் விழுந்த ஒருவர்.
சுவருக்கு அப்பால் சுகிர்தாவின் குரல்:
"மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ. அசையாதேங்கோ."
நான்கு பச்சை விளக்கும் ஒருங்கே சிமிட்டின.
"விடுங்கோ."

விமலசேன ஒரு டிஸ்க்கைக் கையில் எடுத்து
கனம் பார்த்து, கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கேட்டார்.
தர ஏலாது, ஆட்களின் உடம்பு இருக்கிறது,
இதற்குத் துளை போடவேண்டும் என்றேன்.
பாலையூற்றில் ட்ரில் உள்ள ஒருவரைத் தெரியும் என்றார்.